நாலாவது வெற்றிலை

ஓய், துணிமூட்டை! இங்கே வாரும். உம்மைத்தான். இப்போ அந்த ஓடக்காரனைப் பார்த்து என்ன சொன்னீர்? இன்னொரு தரம் சொல்லும், எனக்கும் கேக்கட்டும்.

சொல்ல மாட்டீர். நானே சொல்றேன். "ஏன்டா கருமேட்டான் மாதிரி கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறே"ன்னு சொன்னீர். வெண்கோட்ட நாடு முழுக்க இப்போ இதுதான் வசவு. வண்டி சேத்துல மாட்டிக்கிட்டா, தள்ள வராதவன் கருமேட்டான். கூரை பத்திக்கிட்டு எரியும்போது குடத்தைத் தூக்காதவன் கருமேட்டான். பெண்டாட்டி கூப்பிட்டு எழுந்து வராத புருஷன்கூடக் கருமேட்டான். அந்தக் கருமேட்டான் யாரு, அவனுக்கு என்ன அநியாயம் நடந்துச்சுன்னு ஒருத்தனாவது கேட்டதுண்டா?

நான்தான் ஓய் அது. கருமேடுடைய வயிரன். மேற்றிசைக் காவலன். இரட்டைக் குடைக்காரன்.

ஏன் முழிக்கிறீர்? உட்காரும். அந்தக் கல்லுல வேண்டாம், அது நான் உட்கார்ற கல். கீழே உட்காரும். நுரையாத்துல வெள்ளம் வடியணும், அப்புறம்தான் ஓடம். அதுவரைக்கும் உம்ம காது எனக்கு.

இருபத்திரண்டு வருஷம் ஆச்சு. முந்நூறு வருஷம் ஆண்ட பேரரசு ஒரே பகல்ல மஞ்சணத்திப் பொட்டல்ல விழுந்துச்சு. அது உமக்குத் தெரியும், தாய் வயித்துல இருக்கிற பிள்ளைக்கும் தெரியும். வடக்கே இருந்து பில்லமன் படை வந்துச்சு, நம்ம படை தோத்துச்சு, கருமேட்டான் ரெண்டாயிரம் குதிரையை வச்சுக்கிட்டு மேட்டுல நின்னு வேடிக்கை பார்த்தான். அவ்வளவுதானே உங்க கதை? அதுக்கு முந்தின நாள் என்ன நடந்துச்சுன்னு சொல்றேன், கேளும்.

சேந்தன்னு ஒருத்தன். அவன்தான் பெரும்படைத் தலைவன். அவன் அப்பன் யாரு தெரியுமா? அரண்மனை லாயத்துக்குப் புல்லு அறுத்துப் போட்டவன். நான் சின்ன வயசுல பார்த்திருக்கேன், தலையில புல்லுக்கட்டோட ஒதுங்கி நிப்பான், நாங்க போற வரைக்கும். அவன் மகன் கெட்டிக்காரன், இல்லைன்னு சொல்லலை. ரெண்டு சண்டை ஜெயிச்சான். சக்கரவர்த்தி அதிரன் அவனைக் கொண்டுபோய் உச்சியில வச்சுட்டார். வைக்கட்டும். அதைப் பத்தி நான் வாயே திறக்கலை. எனக்குப் பொறாமைன்னு சொல்றவன் சொல்லிக்கட்டும்.

ஆனா முறைன்னு ஒண்ணு இருக்கா இல்லையா? சண்டைக்கு முந்தின நாள் படைத்தலைவன் தன் கையால எல்லாத் தலைவர்களுக்கும் வெற்றிலை குடுப்பான். வாங்கி வாயில போட்டா, உயிர் போனாலும் களத்துல நிப்பேன்னு அர்த்தம். அந்த முதல் வெற்றிலை கருமேட்டுக்கு. என் பாட்டன் வாங்கினது, என் அப்பன் வாங்கினது, நானே ஏழு தரம் வாங்கினது. யாரும் எழுதி வைக்கலை, யாரும் மறந்ததும் இல்லை.

அன்னிக்குச் சாயங்காலம் கூடாரத்துல எல்லாரும் கூடியிருக்கோம். சேந்தன் தட்டை எடுத்தான். நான் கையைத் துடைச்சுக்கிட்டு எழுந்தேன் ஓய். எழுந்துட்டேன்! அவன் என்னைத் தாண்டிப் போய் வில்லுக்காரங்க தலைவனுக்குக் குடுத்தான். மலையில தேன் எடுக்கிறவன் அவன். தோள்ல சட்டைகூடக் கிடையாது. அவனுக்கு முதல் வெற்றிலை.

ரெண்டாவது யானைப்படைக்கு. நான் நின்னுக்கிட்டே இருக்கேன். உட்காரவும் முடியலை, போகவும் முடியலை. மூணாவது யாருக்குன்னு நினைக்கிறீர்? காலாள் படைத் தலைவன் தாயனுக்கு. தாயன் யாரு? என் மாப்பிள்ளை. என் மகள் கொற்றியைக் கட்டினவர். மாமனார் வெறுங்கையோட நிக்கிறேன், மாப்பிள்ளை கையில வெற்றிலை. அவர் முகமே சுருங்கிப்போச்சு. "மாமா, அவர் எதையும் நினைச்சுச் செய்யலை"ன்னு காதுல சொன்னார். நினைச்சுச் செஞ்சாத்தான் குத்தமா? நினைக்காமச் செஞ்சது அதைவிடக் குத்தம் இல்லையா? நான் ஒருத்தன் நிக்கிறது அவன் நினைப்புலயே இல்லைன்னுதானே அர்த்தம்?

நாலாவதா என்கிட்ட வந்தான். நான் கேட்டுட்டேன். "சேந்தா, இது என்ன வரிசை?"

"களத்துல இறங்குற வரிசை வயிரரே"ன்னான். "முதல்ல அம்பு, அப்புறம் யானை, அப்புறம் காலாள். கடைசி அடி உங்க குதிரை. நாளைக்கு நம்ம உயிரே உங்க கையிலதான் இருக்கு. வெற்றிலை எல்லாருக்கும் வரும்."

வெற்றிலை எல்லாருக்கும் வரும்! பந்தியில பாயசம் கேட்ட பிள்ளைக்குச் சொல்ற மாதிரி. யாரோ ஒருத்தன் சிரிச்சான். யாருன்னு இன்னிவரைக்கும் தெரியலை. தெரிஞ்சிருந்தா அங்கேயே வெட்டியிருப்பேன்.

வாங்கினேன். ஆனா வாயில போடலை. மடியில சொருகிக்கிட்டேன். இதை நல்லா மனசுல வச்சுக்கும். வாயில போட்டாத்தான் வாக்கு. நான் வாக்குக் குடுக்கவே இல்லை. அப்புறம் எப்படி ஓய் நான் வாக்குத் தவறினவன் ஆவேன்?

மறுநாள் விடிஞ்சதும் சேந்தன் சொன்னபடி மேற்குப் பக்கத்து மேட்டுல குதிரைகளோட நின்னேன். சொன்ன இடத்துல நின்னேனா இல்லையா? நின்னேன். வடக்கே இருந்து பில்லமன் படை பொட்டல்ல பாதிதூரம் வந்ததும் சேந்தனோட யானைமேல சிவப்புக் கொடி மூணு தரம் சாயும், உடனே நாங்க இறங்கி அவங்க விலாவுல அடிக்கணும். அதுதான் ஏற்பாடு.

வந்தாங்க. எறும்பு மாதிரி வந்தாங்க. அந்தத் தேன் எடுக்கிறவன் நல்லாத்தான் அம்பு போட்டான், பொய் சொல்லக் கூடாது. யானைகள் போச்சு. அப்புறம் காலாள். புழுதி எழும்பி மேடு வரைக்கும் வந்துச்சு. கூத்தன் என் பக்கத்துல இருந்தான். முப்பது வருஷம் என்கிட்ட உப்புத் தின்னவன், என் குதிரைப்படைக்கு இரண்டாமவன். "எசமான், கொடி"ன்னான்.

பார்த்தேன். கொடி ஆடுச்சு. சாஞ்சுச்சான்னு கேட்டா எனக்குத் தெரியாது. காத்து அடிச்சாலும் கொடி ஆடும்.

"மூணு தரம் சாஞ்சுது எசமான்."

"நீ எண்ணினியா?"

"எல்லாரும் எண்ணினோம்."

"நான் எண்ணலை"ன்னேன்.

கொஞ்ச நேரத்துல ஒரு தூதன் மேலே ஏறி வந்தான். குதிரைக்கு நுரை தள்ளுது. இறங்கலை ஓய் அவன். குதிரைமேல உட்கார்ந்தபடியே, "தலைவர் உங்களை இறங்கச் சொன்னார்"னு கத்துறான். கருமேட்டான் முன்னால குதிரையை விட்டு இறங்காம எவன் பேசியிருக்கான்? நான் சொன்னேன், "வாயால வர்ற சொல்லுக்கு ரெண்டாயிரம் பேரை நான் சாகக் குடுக்க முடியாது. ஓலை கொண்டு வா, முத்திரையோட." சரியான பேச்சுத்தானே? நாளைக்கு எதிராளி ஒருத்தன் நம்ம ஆள் வேஷம் போட்டு வந்து சொன்னா?

ரெண்டாவது ஆள் ஓலையோட வந்தான். இறங்கினான், கும்பிட்டான், எல்லாம் செஞ்சான். காதுல இருந்து ரத்தம் சட்டை வரைக்கும் வழிஞ்சிருந்துச்சு. ஓலையை வாங்கிப் பார்த்தேன். முத்திரை சரி. என்ன எழுதியிருந்துச்சு தெரியுமா? "மேட்டுப் படைக்கு: உடனே இறங்கவும்." அவ்வளவுதான். மேட்டுப் படைக்கு! மேட்டுக்கு ஒரு பேர் இல்லையா? படைக்கு ஒரு தலைவன் இல்லையா? மாட்டுக்குக்கூடப் பேர் வச்சுக் கூப்பிடுறோம். அவசரமாம். என் பேரை எழுத எவ்வளவு நேரம் ஆகும்? வயிரன். நாலே எழுத்து.

திருப்பி அனுப்பிட்டேன். பின்னால குதிரைகள் தரையைப் பிராண்டுது. பயலுக ஒருத்தனும் என் முகத்தைப் பார்க்கலை, எல்லாரும் கீழேயே பார்த்துக்கிட்டு இருக்காங்க. கீழே காலாள் வரிசை பின்னால பின்னால நகருது. எனக்குத் தெரியலையா? கண் இல்லையா எனக்கு? ஆனா ஒரு தரம் தலையைக் குனிஞ்சா அப்புறம் என் பிள்ளை குட்டி எல்லாம் நாலாவதுதான். அதை யோசிச்சுப் பாரும்.

மூணாவதா வந்தது என் மாப்பிள்ளை.

வரும்போதே தெரிஞ்சுபோச்சு, வலது கை வேலைக்கு ஆகாதுன்னு. தொங்கிக்கிட்டு இருந்துச்சு. இடது கையால கடிவாளம். குதிரையை விட்டு இறங்க முடியாம இறங்கி, தடுமாறி நின்னார். நான் தண்ணி கொண்டுவரச் சொன்னேன். வாங்கினவர் குடிக்கலை, குதிரைக்குக் காட்டினார்.

"மாமா, இன்னும் ஒரு நாழிகைதான் தாங்கும். இறங்குங்க."

நான் கேட்டேன், "மாப்பிள்ளையா வந்தீங்களா, தூதனா வந்தீங்களா?"

அவர் என்னையே பார்த்தார்.

"மாப்பிள்ளையா வந்திருந்தா இப்படி நிழல்ல உட்காருங்க. வைத்தியன் இருக்கான், கையைக் கட்டட்டும். என் மகளுக்கு நான் பதில் சொல்லணும். தூதனா வந்திருந்தா, என் பேர் எழுதின ஓலை எங்கே?"

"அங்கே ஓலை எழுதுறவன் செத்துட்டான் மாமா."



அப்போ அவர் ஒரு காரியம் செஞ்சார். இடுப்புப் பையில துழாவி ஒரு வெற்றிலையை எடுத்தார். முந்தின நாள் மிச்சம் போலிருக்கு. எல்லாம் ரத்தம். ரெண்டாயிரம் பேருக்கு முன்னால என் காலடியில முட்டி போட்டு, ஒத்தைக் கையில அதை நீட்டினார். வலது கையைத் தூக்கிச் சேர்க்கப் பார்த்தார், வரலை. "மாமா, என் கையால முதல் வெற்றிலை உங்களுக்கு. வாங்கிக்குங்க. சேந்தன்கிட்ட நாளைக்குச் சண்டை போடலாம். நானும் உங்க பக்கம் நிக்கிறேன். இப்போ வாங்கிக்குங்க."

எங்கேயோ ஒருத்தன் விசும்பினான்.

நீரா இருந்தா வாங்கியிருப்பீர். துணி விக்கிறவர், எதையும் வாங்குவீர், எதையும் குடுப்பீர். நான் சொன்னேன், "மாப்பிள்ளை, மாப்பிள்ளை குடுத்தா அது வீட்டு வெற்றிலை. படை வெற்றிலை ஆகாது."

தப்பா? முறைப்படி அது சரியான பேச்சு. யார்கிட்ட வேணும்னாலும் கேட்டுப் பாரும்.

அவர் அந்த வெற்றிலையைக் கீழே ஒரு கல்லு மேல வச்சார். எழுந்திருக்கக் கூத்தன்தான் கை குடுத்தான். குதிரைமேல ஏத்தி விட்டதும் அவன்தான். நான் கூப்பிட்டேன், "மாப்பிள்ளை, போகாதீங்க. இருங்க"ன்னு. ரெண்டு தரம் கூப்பிட்டேன். திரும்பிப் பார்க்கலை. மாமனார் கூப்பிட்டா நிக்கணும்கிற மரியாதைகூட இல்லை. நான் என்ன செய்ய? கையைப் பிடிச்சு இழுக்க முடியுமா? இறங்கிப் போயிட்டார். புழுதிக்குள்ள அவர் முதுகு கொஞ்ச தூரம் தெரிஞ்சுச்சு.

அப்புறம் நான் இறங்கினேன். இறங்கலைன்னு எவன் சொன்னான்? வெயில் சாஞ்சதும் இறங்கினேன். அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோயிருந்துச்சு, அதுக்கு நானா பொறுப்பு? சேந்தன் யானையோட விழுந்து கிடந்தான். நம்மாளுக மிச்சம் ஆயிரம் பேர் இருந்தா அதிகம், தெற்கே இந்த நுரையாத்தைப் பார்த்து ஓடிட்டாங்க. பொட்டல் முழுக்கச் சத்தம் அடங்கி, காக்கா இறங்க ஆரம்பிச்சிருந்துச்சு.

பில்லமன் எனக்காகக் காத்துக்கிட்டு இருந்தான். எதிராளிதான். ஆனா எழுந்து நின்னான் ஓய்! என் மூணு பட்டத்தையும் ஒண்ணு விடாமச் சொன்னான். வடக்கத்தி நாக்கு, கொஞ்சம் கொச்சை, இருந்தாலும் சொன்னான். தன் தளபதிகளை எல்லாம் நிக்க வச்சுட்டு, தங்கத்தட்டுல முதல் வெற்றிலையை என்கிட்ட நீட்டினான். அவன் ஆளுக சிரிச்சுக்கிட்டு இருந்தாங்க. சந்தோஷம், ஜெயிச்சவங்க சிரிக்கத்தானே செய்வாங்க?

வாங்கினேன். மென்னேன். நல்லா மென்னேன். நம்ம சேந்தனுக்குத் தெரியாத முறை ஒரு வேத்தாளுக்குத் தெரிஞ்சிருந்துச்சு. அதைச் சொன்னா உங்களுக்கெல்லாம் கோபம் வருது.

ராத்திரியே படையோட மேட்டுக்குத் திரும்பிட்டேன். மறுநாள் கொற்றி வந்தா. ஆலத்தூர்ல இருந்து வண்டி கட்டிக்கிட்டு, நாலு பொம்பளைகளோட. அவ வர்ற சேதி கேட்டதும் நான் மேட்டுல இருந்து குடையும் பல்லக்கும் அனுப்பினேன். கருமேட்டு மகள் பொட்டல்ல காலால நடக்கலாமா? பல்லக்கைத் தொடக்கூட இல்லை. ஒவ்வொரு உடம்பாப் புரட்டிப் பார்த்துக்கிட்டே போனாளாம். சேந்தன் யானை விழுந்த இடத்துக்கு முன்னால மாப்பிள்ளை கிடந்தார். முன்னால. அதாவது அந்தப் புல்லு அறுத்தவன் மகனுக்குக் காவலா நின்னு செத்திருக்கார். என் மாப்பிள்ளை! அதை நினைச்சா எனக்கு இப்பவும் வயிறு எரியுது.

அவர் உடம்பை அங்கேயே எரிச்சுட்டு, மத்தியானம் மேட்டுக்கு ஏறி வந்தா. முழங்கை வரைக்கும் சாம்பல். நான் கூடாரத்து வாசல்ல நின்னேன், "வாம்மா"ன்னேன். என்னைத் தாண்டிப் போயிட்டா. ஆமா, என்னைத் தாண்டி. நேரா குதிரைக்காரங்க நடுவுல போய் நின்னா.

"அவர் இங்கே வந்தாரா?"ன்னு கேட்டா.

நான் சொன்னேன், "வந்தார்ம்மா. தண்ணி குடுத்தேன். இருக்கச் சொன்னேன். அவர்தான் கேக்கலை."

அவ என் பக்கம் திரும்பவே இல்லை. கூத்தனைப் பார்த்து, "வந்து என்ன செஞ்சார்?"னு கேட்டா. அந்தக் கிழட்டுப் பயல் தலைப்பாகையைக் கழட்டி முகத்துல அமுக்கிக்கிட்டு, முட்டி போட்டான். மாப்பிள்ளை எப்படிப் போட்டாரோ அப்படியே. ஒத்தைக் கையை நீட்டிக் காட்டினான். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லலை. உப்புத் தின்ன வீட்டைக் காட்டிக் குடுக்க வார்த்தை எதுக்கு?

அவ அழுவான்னு பார்த்தேன். அழுதிருந்தா நானும் போய்ப் பிடிச்சிருப்பேன். அழலை. சாதாரணமா, வீட்டுல ஆளுக்கு வேலை சொல்ற மாதிரி சொன்னா: "நுரையாத்துக் கரையில நம்ம ஆளுக ஆயிரம் பேர் நிக்கிறாங்க. நடந்து களைச்சு நிக்கிறாங்க. நாளைக்குப் பில்லமன் அங்கே வருவான். அவங்ககிட்டக் குதிரை இல்லை."

அவ்வளவுதான். வான்னுகூடச் சொல்லலை. அப்படியே இறங்கித் தெற்கே நடந்தா.

கூத்தன்தான் முதல்ல ஏறினான். அப்புறம் ஒவ்வொருத்தனா. சேணம் கட்டுற சத்தம் மட்டும் கேக்குது. நான் பாதையில போய்க் குறுக்கே நின்னேன். "என் உத்தரவு இல்லாம ஒரு குதிரை நகரக் கூடாது!"ன்னு கத்தினேன். கூத்தன் குதிரையை நிறுத்தலை. என்மேல படாம, கொஞ்சம் ஒதுக்கி ஓட்டிக்கிட்டுப் போனான். பின்னால வந்த அத்தனை பேரும் அப்படியே. ஆத்துத்தண்ணி ஒரு கல்லைச் சுத்திப் போற மாதிரி ரெண்டாயிரம் குதிரை என்னைச் சுத்திப் போச்சு. ஒருத்தனும் கும்பிடலை.

அவங்க இங்கே வந்து இந்தத் துறையை மறிச்சுக்கிட்டு நின்னதும், பில்லமன் மூணு தரம் முட்டிப் பார்த்துட்டுத் திரும்பிப் போனதும் உமக்குத் தெரிஞ்ச கதை. அக்கரை இன்னிக்கும் அவ கையிலதான் இருக்கு. நீர் துணி விக்கப் போறது என் மகள் நாட்டுலதான் ஓய். குதிரை இல்லாமப் போனதும் பில்லமனும் மாறிட்டான். வெற்றிலை குடுத்த அன்னிக்கு எனக்குத் தர்றேன்னு சொன்ன நாடு போய், இந்தத் துறையோரத்துல ஒரு சின்ன ஊர் குடுத்தான். வெற்றிலை எல்லாம் அன்னிக்கு ஒரு நாளோட சரி. நான் அக்கரைக்குப் போறதில்லை. பெத்தவனை ஆள் அனுப்பி, ஓலை எழுதிக் கூப்பிடணும். கூப்பிட்டா யோசிக்கலாம். இருபத்திரண்டு வருஷமா அவளுக்கு அது தோணலை. வளர்த்த முறை அப்படி இல்லை, அவ அம்மா குடுத்த செல்லம்.

எல்லாரும் போயிட்டாங்கன்னு சொன்னேன் இல்லையா, அது தப்பு. ஒருத்தன் இருந்தான். பிச்சன்னு ஒரு குதிரைக்காரன். புழுதி அடங்கினதுக்கு அப்புறம் பார்த்தா, காலி லாயத்துல தனியா குந்திக்கிட்டு இருக்கான். கிட்டப் போய், "ஏன்டா, நீ போகலையா?"ன்னு கேட்டேன்.

"குதிரை நொண்டுது எசமான்"ன்னான்.

கூச்சம் ஓய் அவனுக்கு. விசுவாசத்தை வாய்விட்டுச் சொல்லத் தெரியாத ஆளு. நான் தோளைத் தட்டிக் குடுத்தேன். அன்னிக்குச் சாயங்காலம் அவனை என் எதிர்ல உட்கார வச்சுச் சோறு போட்டேன். நான் அப்படி யாருக்கும் செஞ்சதில்லை.

காலையில எழுந்து பார்த்தா, நொண்டிக் குதிரை மட்டும் நிக்குது. பிச்சனைக் காணோம். மேட்டுச் சரிவுல காலடித்தடம் இருந்துச்சு, தெற்கே பார்த்து. நடந்தே போயிருக்கான்.

ஆனா போகும்போது அந்தக் குதிரைக்கு ரெண்டு நாளைக்குத் தாங்குற மாதிரி புல்லும், தொட்டி நிறையத் தண்ணியும் வச்சுட்டுப் போயிருக்கான். யாருக்காக வச்சான்? எசமான் கஷ்டப்படக் கூடாதுன்னுதானே? எனக்காகத்தானே ஓய் வச்சிருப்பான்?